அப்டேட் ஏற மாட்டேன் என்கிறதா? அறிகுறியைப் பார்த்து ஆரம்பியுங்கள்

விண்டோஸ் அப்டேட் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன், பச்சை டிக் காட்டுகிறது என்று சொல்லித்தான் நிறையப் பேர் சிஸ்டத்தைக் கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் வின்ரார் ஐந்தாம் பதிப்பிலேயே நிற்கும், விஎல்சி என்றைக்கோ போட்டதாக இருக்கும், ஜாவா இரண்டு மூன்று பதிப்பாகக் குவிந்து கிடக்கும். அந்தப் பச்சை டிக் விண்டோஸுக்கும் மைக்ரோசாஃப்ட் சமாச்சாரங்களுக்கும் மட்டும்தான். குரோம், அடோபி ரீடர், விஎல்சி, வின்ரார், ஜூம், எனிடெஸ்க் என்று நாமாக இறக்கிப் போட்ட எதையும் அது தொடாது. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தனி வழியில் அப்டேட் ஆகிறது, சிலது ஆவதே இல்லை.

கீழே இருப்பது விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களுக்கு. உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், ஆனால் அதற்கு முன் மூன்று விஷயத்தை மட்டும் பார்த்துவிடுங்கள். ஒன்று, ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து திரும்பப் போடுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் சிஸ்டத்தில் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான், நிலுவையில் இருக்கும் அப்டேட் பல நேரம் அதில் முடியாது. இரண்டு, கீழே வலது மூலையில் தேதியும் நேரமும் சரியா, வருஷம் உட்பட. மூன்று, சி டிரைவில் குறைந்தது ஐந்து பத்து ஜிபியாவது காலி இருக்கிறதா. 120 ஜிபி எஸ்எஸ்டி போட்ட பழைய லேப்டாப்களில் இந்த மூன்றாவதுதான் பெரும்பாலும் காரணம்.

அறிகுறி 1: அப்டேட் போட்டாச்சு, ஆனால் மறுநாளும் அதையே கேட்கிறது

இதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, இறங்கிய அப்டேட் வேலைக்கு வரவில்லை என்பதை. குரோமை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பதிப்பை அது பின்னணியில் இறக்கி வைத்துவிடும், ஆனால் குரோமை முழுக்க மூடித் திறக்கும் வரை பழையதுதான் ஓடும். நாற்பது டேபைத் திறந்து வைத்து லேப்டாப்பை மூடி மூடித் திறப்பவர்களுக்கு இது வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். மேலே வலப்பக்க மூன்று புள்ளி இருக்கும் இடத்தில் நிறம் மாறியிருந்தால் அதுதான் சேதி: பச்சை என்றால் அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள், ஆரஞ்சு என்றால் நான்கு நாள் போல, சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது. மூன்று புள்ளி, ஹெல்ப், அபவுட் கூகுள் குரோம் என்று போய் ரீலாஞ்ச் கொடுங்கள். டேப்கள் திரும்ப வந்துவிடும். இன்காக்னிட்டோ ஜன்னல்கள் மட்டும் வராது, அதில் பாதி நிரப்பிய படிவம் இருந்தால் முடித்துவிட்டுச் செய்யுங்கள்.

மூடினாலும் சிலருக்குக் குரோம் முழுக்க மூடாது. செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், குரோம் மூடிய பிறகும் பின்னணி ஆப்களை ஓடவிடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதை அணைத்துவிட்டு மறுபடி மூடிப் பாருங்கள். ரீடர், ஜூம் போன்றவற்றுக்கு டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதே பெயரில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்து எண்ட் டாஸ்க் கொடுத்தால் போதும்.

அதற்கும் மசியவில்லை என்றால் அடுத்த சந்தேகம், ஒரே மென்பொருள் இரண்டு இடத்தில் இருப்பது. நீங்கள் அப்டேட் செய்தது ஒன்று, தினமும் திறப்பது இன்னொன்று. விஎல்சி, செவன் ஜிப் இரண்டிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன்: 32 பிட் பதிப்பு எக்ஸ்86 என்று முடியும் புரோகிராம் ஃபைல்ஸில் ஒன்று, 64 பிட் பதிப்பு சாதாரண புரோகிராம் ஃபைல்ஸில் ஒன்று, டாஸ்க்பாரில் குத்தி வைத்த ஐகான் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜூம் போன்ற சிலது ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாகவே உட்காரும், அதனால் அப்பா கணக்கில் புதுசு, பையன் கணக்கில் பழசு என்று இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி, அந்த மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுப்பது. இப்போது ஓடுவது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். செட்டிங்ஸ், ஆப்ஸ் பட்டியலில் இரண்டும் தெரிந்தால் இரண்டையும் நீக்கிவிட்டு, தயாரிப்பாளர் தளத்திலிருந்து ஒன்றை மட்டும் புதிதாகப் போடுங்கள், பழைய ஐகானையும் டாஸ்க்பாரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

விஎல்சிக்கு ஒரு தனிக் கதை உண்டு. 3.0.12, 3.0.13 இந்த இரண்டு பதிப்பிலும் அப்டேட்டரிலேயே கோளாறு. புதுசை இறக்கும், சரிபார்க்கும், ஆனால் இன்ஸ்டாலரை ஓடவிடாது. யெஸ், யெஸ் என்று எத்தனை தடவை கொடுத்தாலும் நகராது. ஹெல்ப், அபவுட்டில் இந்த எண்களில் ஒன்று தெரிந்தால் வேறு எதையும் நோண்ட வேண்டாம், வீடியோலேன் தளத்திலிருந்து இன்றைய பதிப்பை இறக்கி மேலேயே போடுங்கள்.

இந்த அறிகுறிக்கு ஆளைக் கூப்பிடத் தேவையே இருக்காது.

அறிகுறி 2: செக்கிங் ஃபார் அப்டேட்ஸ் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அல்லது இணைப்பு இல்லை என்கிறது

எல்லா மென்பொருளுமா, ஒன்று மட்டுமா? இதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், பாதி வேலை மிச்சம்.

எல்லாமே என்றால்

தேதியைப் பாருங்கள், இன்னொரு தடவை. தினமும் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போகும் டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்துவிட்டால் காலையில் திறக்கும்போதெல்லாம் கடிகாரம் ஏதோ பழைய வருஷத்துக்கு ஓடிப்போகும். அப்போது அப்டேட் சர்வரின் சான்றிதழ் இன்னும் செல்லுபடி ஆகும் நாளே வரவில்லை என்று சிஸ்டம் நினைத்துக்கொண்டு இணைப்பை மறுத்துவிடும். வங்கித் தளம் திறக்கவில்லை என்று புகார் சொல்பவர்களுக்கும் பல நேரம் இதே வியாதிதான். தேதியைக் கையால் திருத்தி அப்டேட் ஓடுகிறதா பாருங்கள். ஓடி, மறுநாள் மறுபடி தேதி போனால் செல்லை மாற்றுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், சில பத்து ரூபாய் சமாச்சாரம். டெஸ்க்டாப் என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு நீங்களே மாற்றலாம். லேப்டாப் என்றால் கடையில் கொடுங்கள், அதற்கு முன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே கை வைத்த பிறகு சிஸ்டம் அதைக் கேட்டு அடம் பிடிக்கலாம்.

அடுத்து பிராக்ஸி, அதாவது இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் அமைப்பு. செட்டிங்ஸ், நெட்வொர்க், பிராக்ஸி என்று போய் மேனுவல் பிராக்ஸி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அலுவலக லேப்டாப்பாக இருந்து வீட்டுக்கு வந்ததில் இது மிச்சம் இருக்கும். நீங்கள் போடாமலேயே ஆன் ஆகியிருந்தால், அணைத்த பிறகும் தானாகத் திரும்ப ஆன் ஆனால், அது வைரஸ் வேலை. அறிகுறி 6க்குப் போங்கள்.

காலாவதியான ஆண்டிவைரஸ் இன்னொரு காரணம். லேப்டாப் வாங்கும்போது இலவசமாக வந்தது, சந்தா முடிந்து போய் பாதி உயிரோடு இணைப்புகளைத் தடுத்துக்கொண்டு கிடக்கும். ஒன்று பணம் கட்டுங்கள், இல்லை முழுக்க நீக்குங்கள். நீக்கினால் விண்டோஸின் டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும்.

ஒன்று மட்டும் என்றால்

அந்த மென்பொருளின் அப்டேட் சர்வீஸ் அணைந்திருக்கும். சிஸ்டம் வேகமாகட்டும் என்று யாரோ ஸ்டார்ட்அப்பில் இருந்ததை எல்லாம் அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, அடோபி ரீடர் என்றால் அடோபி அக்ரோபேட் அப்டேட் சர்வீஸ், குரோம் என்றால் கூகுள் அப்டேட்டர் என்று தொடங்குபவை, இவை டிஸேபிள்ட் என்று இருக்கிறதா பாருங்கள். ஆட்டோமேட்டிக் ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட்.

அதுவும் சரியாக இருந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பு, எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று விண்டோஸ் பார்க்கும் பட்டியல். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று உள்ளே போனால் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஹோஸ்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். யாரும் கை வைக்காத சிஸ்டத்தில் எல்லா வரியும் ஹாஷ் குறியில்தான் தொடங்கும். ஹாஷ் இல்லாமல் அடோபி பெயர் போட்ட முகவரிகள் வரிசையாக இருந்தால், அந்த மென்பொருள் கிராக் செய்தது, அதாவது உரிமம் இல்லாமல் ஓடும்படி உடைத்தது, உரிமம் சரிபார்க்கும் சர்வரைத் தொடாமல் இருக்க வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைச் சரிசெய்தால் மென்பொருள் நின்றுவிடும், சரிசெய்யாவிட்டால் அதில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டை அடைபடாது. இதற்கு நடுவழி ஒன்றும் கிடையாது. காசு கொடுத்து வாங்குங்கள், இல்லையென்றால் இங்க்ஸ்கேப், ஜிம்ப், லிப்ரே ஆஃபிஸ் மாதிரி இலவசமானதுக்கு மாறுங்கள். கிராக்கை வைத்துக்கொண்டே பாதுகாப்பு அப்டேட்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அறிகுறி 3: இன்ஸ்டாலர் பாதியில் ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது

எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டுதான் மூட வேண்டும். என்னமோ எரர் வந்துச்சு என்று சொன்னால் எந்தக் கடைக்காரரும் முதலிலிருந்துதான் தேட வேண்டியிருக்கும்.

1618 வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வேறு ஏதோ ஒரு இன்ஸ்டால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி முயலுங்கள், நகரவில்லை என்றால் ரீஸ்டார்ட்.

1603 என்பது எதற்கு வேண்டுமானாலும் வரும் எண். சி டிரைவ் இடம், அந்த மென்பொருள் திறந்திருப்பது, அட்மின் அனுமதி இல்லாத கணக்கு, இந்த வரிசையில் பாருங்கள். இன்ஸ்டாலரை ரைட் கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் பகுதியில் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் ஆன் செய்திருந்தால் அதுவும் சில இன்ஸ்டாலர்களைத் தடுக்கும்; அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்து, முடிந்ததும் மறக்காமல் போடுங்கள்.

1612 அல்லது 1714 கொஞ்சம் தொல்லை பிடித்தது. பழைய பதிப்பை நீக்க முடியவில்லை, நீக்கத் தேவையான மூலக் கோப்பு காணோம் என்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இன்ஸ்டாலர் என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் ஒன்று பல ஜிபி பிடிக்கும். இடம் காலி பண்ணுகிறேன் என்று யாராவது அதை அழித்திருந்தால் பின்னால் இப்படித்தான் வந்து நிற்கும். ஜாவாவிலும் பழைய ரீடரிலும் அதிகம். செய்ய வேண்டியது இது: மைக்ரோசாஃப்ட் தளத்தில் புரோகிராம் இன்ஸ்டால் அண்டு அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டர் என்று ஒரு சின்னக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, அன்இன்ஸ்டாலிங் என்பதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் அந்தப் பழைய பதிப்பைக் காட்டினால் பதிவுகளைப் பிடுங்கி எறிந்துவிடும். பிறகு புதுசைப் போடலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று இணையத்தில் கிடைப்பதை எல்லாம் இதற்குப் போடாதீர்கள்.

ஒன்றல்ல, எந்த மென்பொருளைப் போட்டாலும் 1601 போன்ற எண் வந்து விண்டோஸ் இன்ஸ்டாலரே கிடைக்கவில்லை என்றால், அல்லது நடுவில் நீலத் திரை வந்தால், அங்கே நிறுத்திவிடுங்கள். விண்டோஸையே பழுதுபார்க்க வேண்டும், டிஸ்க் சாகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆளைக் கூப்பிடும் இடம் இது. கூப்பிடும் முன் படங்கள், கணக்கு, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்பதுதான் பல இடங்களில் முதல் வார்த்தையாக வரும்.

அறிகுறி 4: எந்த மென்பொருளும் எதுவும் கேட்பதே இல்லை

இதை யாரும் புகாராகக் கொண்டுவருவதில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான். தொல்லை கொடுக்கும் குரோம் எப்படியும் அப்டேட் ஆகிவிடும். சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் வின்ராரும் செவன் ஜிப்பும் தானாக அப்டேட் ஆகும் ரகம் இல்லை, போட்ட நாளில் இருந்தபடியே இருக்கும்.

வின்ராரில் 2019ல் ஒரு ஓட்டை வெளியே வந்தது, ஏஸ் என்ற பழைய வகைக் கோப்பைப் பிரிக்கும் பகுதியில். 19 வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது. 5.70ல் அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள். 2023ல் இன்னொன்று, சுருக்கிய கோப்புக்குள் இருக்கும் படத்தை டபுள் கிளிக் செய்தால் படத்துக்குப் பதில் வேறு ஏதோ ஓடும், 6.23ல் அடைத்தார்கள், ஆனால் அதற்கு நாலைந்து மாதம் முன்பிருந்தே பங்குச் சந்தை வியாபாரிகளைக் குறிவைத்து அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2025ல் மூன்றாவது: வேலை விண்ணப்பம் போல மின்னஞ்சலில் வரும் ரார் கோப்பைப் பிரித்தால், கூடவே ஒரு கோப்பு நீங்கள் சொல்லாத இடத்துக்கு, அதாவது ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த தடவை லாகின் ஆகும்போது தானாக ஓடும். ஜூலை 2025ல் வந்த 7.13ல்தான் இது சரியானது.

ஆக, வின்ராரைத் திறந்து ஹெல்ப், அபவுட் பாருங்கள். 7.13க்குக் கீழே எந்த எண் இருந்தாலும் இன்றைக்கே மாற்ற வேண்டியதுதான். பணம் கட்டவில்லை, 40 நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்று தயங்க வேண்டாம், புதுசை இறக்கி மேலேயே போட்டால் ஏறிக்கொள்ளும். விண்டோஸ் 11 ஒழுங்காக அப்டேட் ஆகியிருந்தால் 2023 இறுதியிலிருந்து ரார், செவன் ஜிப் கோப்புகளை அதுவே திறக்கிறது, எப்போதாவது ஒரு கோப்பைப் பிரிப்பவர் வின்ராரையே எடுத்துவிடலாம். இல்லாத மென்பொருளுக்கு அப்டேட் தேவையில்லை. செவன் ஜிப் என்றால் 24.09க்கு மேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தியவை இணையத்திலிருந்து வந்த கோப்பு என்ற அடையாளத்தை, சுருக்கத்துக்குள் சுருக்கமாக வந்தால் தவறவிட்டுவிடும், விண்டோஸின் எச்சரிக்கையும் வராமல் போகும். இறக்கும்போது ஆர்க் என்று முடியும் தளம்தானா என்று பாருங்கள், காம் என்று முடிவது அவர்களுடையது அல்ல.

நோட்பேட் பிளஸ் பிளஸ் வேறு மாதிரி. அது அப்டேட் கேட்கும், ஆனால் 2025ல் அந்த அப்டேட் வழியையே கடத்தி, குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் போலி இன்ஸ்டாலரை அனுப்பியிருக்கிறார்கள். இன்ஸ்டாலரின் கையொப்பத்தைக் கறாராகச் சரிபார்ப்பது 8.8.9ல்தான் வந்தது. அதற்குக் கீழே இருந்தால் உள்ளிருக்கும் அப்டேட் பட்டனை அழுத்தாமல், அவர்கள் தளத்திலிருந்து நேராக இறக்கிப் போடுங்கள்.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப் பொறுமை இல்லையா? ஸ்டார்ட்டில் டெர்மினல் என்று, விண்டோஸ் 10 என்றால் பவர்ஷெல் என்று தேடித் திறந்து, ஆங்கில எழுத்தில் விங்கெட், ஒரு இடைவெளி, அப்கிரேட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். எது எந்தப் பதிப்பில் நிற்கிறது, எதற்குப் புதுசு வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வரும். விண்டோஸ் 11லும் பிந்தைய விண்டோஸ் 10லும் இது கூடவே வருவது, தனியாக எதுவும் போட வேண்டாம். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஆப் இன்ஸ்டாலரை அப்டேட் செய்யுங்கள். அதே கட்டளைக்குப் பின்னால் பட்டியலில் இருக்கும் ஐடியைச் சேர்த்து அடித்தால் அது மட்டும் அப்டேட் ஆகும். எல்லாவற்றையும் ஒரே அடியில் ஏற்றவும் வழி இருக்கிறது, வீட்டு சிஸ்டத்தில் தாராளமாகச் செய்யலாம். ஆடிட்டர் ஆஃபிஸ், டெண்டர் போடும் ஆஃபிஸ் என்றால் செய்யாதீர்கள், காரணம் அடுத்த தலைப்பில். பென் டிரைவிலிருந்து நேராக ஓடும் போர்ட்டபிள் மென்பொருள்கள் பொதுவாக இந்தப் பட்டியலில் வராது, அவற்றை நீங்கள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி 5: அப்டேட் போட்டதும் முன்னால் ஓடியது நின்றுவிட்டது

டிஜிட்டல் கையொப்ப டோக்கன் (கையொப்பச் சான்றிதழ் இருக்கும் யூஎஸ்பி கருவி), டெண்டர் தளம். டெண்டருக்குக் கடைசி நாள் அன்று மதியம் இந்த போன் வரும். ஜாவா பழசு என்று எங்கோ படித்துவிட்டு எட்டை நீக்கி இருபத்தொன்றைப் போட்டிருப்பார்கள். ஜாவா வெப் ஸ்டார்ட் என்ற பகுதியை 11ஆம் பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள், அதனால் அந்தப் பகுதி திறக்க வேண்டிய ஜேஎன்எல்பி கோப்பைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது, எரர்கூட வராது. ஜாவா 8 வரிசைக்கே திரும்புங்கள், ஆனால் அதில் இப்போது வந்திருக்கும் கடைசி அப்டேட்டைப் போடுங்கள், பென் டிரைவில் பத்திரமாக வைத்திருக்கும் பழையதை அல்ல. 6, 7 என்று கீழே கிடப்பவற்றை நீக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து, செக்யூரிட்டி பகுதியில் அந்தத் தளம் விதிவிலக்குப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். டோக்கனே தெரியவில்லை என்றால் அதன் டிரைவரை, டோக்கன் கொடுத்தவரின் தளத்திலிருந்து மறுபடி போடுங்கள். அதற்குப் பிறகும் சான்றிதழ் தெரியவில்லை என்றால் டோக்கன் விற்றவரை அழையுங்கள். பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், அதன் பிறகு யாராலும் அவசரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது.

டாலி, கணக்கு எழுதும் மென்பொருள். புது வெளியீடு உங்கள் கம்பெனி டேட்டாவைப் புது வடிவத்துக்கு மாற்றலாம், மாற்றிய பின் பழைய வெளியீட்டில் திறக்காது. அப்டேட்டுக்கு முன் டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு, நெட்வொர்க்கில் இருக்கும் எல்லா சிஸ்டத்தையும் ஒரே நாளில் மாற்றுங்கள். மாதக் கடைசியில், ரிட்டர்ன் போடும் வாரத்தில் வேண்டாம். டேட்டா பிழை என்று வந்தால் நீங்களாக ரிப்பேர் கொடுக்காமல் டாலி பார்ட்னரைக் கூப்பிடுங்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போனால், அது அப்டேட் போட்டதால் அல்ல, போடாததால். மொசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14 அன்று காலாவதி ஆனது. 128க்கு முந்திய பதிப்புகளில், ஈஎஸ்ஆர் (நீண்ட நாள் ஆதரவு தரும் தனி வரிசை) என்றால் 115.13க்கு முந்தியவற்றில், எக்ஸ்டென்ஷன்கள் முடங்கிவிடும். அப்டேட் போட்டால் திரும்ப வந்துவிடும்.

அறிகுறி 6: பிரௌசரில் திடீரென்று அப்டேட் செய்யச் சொல்லி ஒரு பக்கம் வருகிறது

போலி. எந்த உண்மையான அப்டேட்டும் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் செய்தித் தளத்தின் நடுவில் வந்து குதிக்காது. சந்தேகம் இருந்தால் பக்கத்தை மூடிவிட்டு, குரோமின் அபவுட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஃப்ளாஷ் பிளேயர் அப்டேட் என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், 2020 டிசம்பரோடு அதை அடோபியே நிறுத்திவிட்டது. நீங்கள் எதுவரை போனீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்தது.

பார்த்ததோடு சரி

டேபை மூடுங்கள். கீழ் மூலையில் வைரஸ், வைரஸ் என்று கட்டம் வந்துகொண்டே இருந்தால் ஏதோ தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் தெரியாத பெயர்களை நீக்கினால் நின்றுவிடும்.

இறக்கினேன், திறக்கவில்லை

அழித்துவிட்டு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஏதாவது இன்ஸ்டாலர் உண்மையானதா என்று பார்க்க, ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். அதில் தயாரிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். செவன் ஜிப் மாதிரி கையொப்பம் இல்லாமலே வரும் நல்ல மென்பொருளும் உண்டு, அதனால்தான் எந்தத் தளத்திலிருந்து இறக்குகிறோம் என்பது முக்கியம்.

திறந்துவிட்டேன், அல்லது அது சொன்னபடி விண்டோஸ் கீயும் ஆரும் அழுத்தி எதையோ பேஸ்ட் செய்து என்டர் தட்டிவிட்டேன்

இரண்டாவது வகை இப்போது நிறைய வருகிறது. நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொல்லி, மூன்று பட்டனை அழுத்தச் சொல்லும். நீங்கள் பேஸ்ட் செய்தது ஒரு கட்டளை, அது வெளியிலிருந்து எதையோ இறக்கி ஓடவிட்டிருக்கும். உடனே வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். வேறு ஒரு கருவியிலிருந்து, அதாவது உங்கள் போனிலிருந்து, மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்பதைக் கொடுங்கள், அடுத்து வங்கி. அந்த சிஸ்டத்திலேயே உட்கார்ந்து மாற்றினால் புதுசும் போய்விடும். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓடவிடலாம், கால் மணி நேரம் போல ஆகும், சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கேனில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் நான் நம்ப மாட்டேன். விண்டோஸை மறுபடி போடுவதுதான் சரி, இங்கே ஆளைக் கூப்பிடலாம்.

பணம் போயிருந்தால் சிஸ்டத்தை விடுங்கள். வங்கிக்கும், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கும் உடனே போன் செய்யுங்கள். மணிக்கணக்கில் தள்ளிப்போடப் போட, பணத்தை இடையில் நிறுத்தும் வாய்ப்பு குறையும்.

அறிகுறி 7: இனி அப்டேட் வராது என்கிறது

விண்டோஸ் 7, 8 சிஸ்டத்தில் குரோம் 109ல் நின்றுபோனது 2023ல். அங்கே குரோமோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, விண்டோஸ்தான் பிரச்சினை. ஃபயர்ஃபாக்ஸ் 115 ஈஎஸ்ஆர் வரிசையை மொசில்லா பலமுறை நீட்டித்தது, அது தற்காலிக நிழல்தான். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று இலவச ஆதரவு முடிந்தது; நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. குரோமும் மற்றதும் அதில் இன்னும் ஓடும், அதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் இந்த ரகம். நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் பார்க்கிற மென்பொருள் அது, பல வருஷமாகக் கவனிப்பார் இல்லாததை எங்கோ ஒரு டவுன்லோட் தளத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். விண்டோஸ் 11ல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, லாங்குவேஜ் செட்டிங்ஸில் சேர்த்துக்கொண்டால் போதும்.

அச்சகங்களில் பக்கம் வடிவமைக்க இன்னும் அடோபியின் பேஜ்மேக்கர்தான். 7.0 வந்தது 2001ல், அதற்குப் பின் பெரிய பதிப்பு இல்லை. யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் விடவும் முடியாது. அந்த சிஸ்டத்தை அப்டேட் செய்ய மெனக்கெட வேண்டாம், இணையத்திலிருந்து பிரித்துவிடுங்கள். கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்து, வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளை வேறு சிஸ்டத்தில் இறக்கி, ஸ்கேன் செய்து, அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். வாடிக்கையாளர் நீட்டும் பென் டிரைவை நேராக அதில் சொருகக் கூடாது, இதைச் சொன்னால் முதல் நாள் மட்டும் தலையாட்டுவார்கள்.

ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகு

வேலை முடிந்து சிஸ்டம் கைக்கு வந்ததும் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். வந்தவர் எனிடெஸ்க் மாதிரி தொலைவிலிருந்து நுழையும் மென்பொருளைப் போட்டுவிட்டு அப்படியே போயிருப்பார், நீங்கள் இல்லாதபோதும் நுழைய ஒரு பாஸ்வேர்டும் வைத்திருப்பார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், அடுத்த தடவை வசதிக்காக. எனிடெஸ்க் நிறுவனத்தின் சர்வர்களுக்குள்ளேயே ஆட்கள் நுழைந்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் அவர்களே அறிவித்து, கையொப்பச் சான்றிதழை மாற்ற வேண்டி வந்தது. தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம், இப்போது நீக்கிவிடுங்கள். கிராக் ஏதாவது புதிதாக ஏறியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு, விங்கெட் பட்டியலை இன்னொரு தடவை ஓடவிட்டு, என்ன மிச்சம் என்று அவர் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.